டிரிப் ஷீட்டின் பின்பக்கம்

தை பிறந்து ஐந்தாம் நாள்.
காட்டுப்பள்ளி கேட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கிறது,
எனக்கு முன்னால் எழுபத்தோரு டிரெய்லர்.
இஞ்சினை அணைத்தேன்.
அணைத்த பிறகுதான் கேட்கிறது
இடப்பக்கத்துச் சேற்றில் ஒரு விசில்.
போலீஸ் விசில் இல்லை. மூன்று முறை,
கடைசி முறை கொஞ்சம் இறங்கி.

டிரிப் ஷீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.
பின்பக்கம் எப்போதும் காலிதான்.

பெயர் தெரியாததற்கு நானே வைத்துக்கொள்வேன்.
மூக்கை இறக்கி ஏற்றி இறக்கி
சேற்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டே போவது தையல்காரி.
முப்பத்திரண்டு.
ஓடி, நின்று, எதையோ மறந்தாற்போல் பார்த்து
மறுபடி ஓடுவது செக்போஸ்ட்.
நாற்பது, நாற்பத்தைந்து.
பூநாரை எனக்கும் தெரியும்.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்கு அடியில் ஒரே கோடு,
வெள்ளையா ரோஸா என்று
வெயில் வந்தபின் எழுதுகிறேன்.

"இன்னாண்ணே, நவுந்துச்சா?"
கண் திறக்காமல் கேட்கிறான் கிளீனர் இருசப்பன்.
இல்லை. தூங்கு.

ஓதம் வடிகிறது.
பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு
இடுப்பளவு நீரில் குந்தி
இறால் தடவுகிறாள் தேசம்மா.
அவளுக்கு நாலு முழம் தள்ளித் தையல்காரிகள்.
இரண்டு பக்கமும் தலை நிமிரவில்லை.
உன்னைப் பார்த்துப் பறக்காதா என்று முன்பொருநாள் கேட்டேன்.
"அதுங்களுக்கு இன்னா, நானும் ஒரு கொக்கு" என்று
கூறு நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

குருவிமேடு என்று ஊருக்குப் பெயர்.
மேட்டில் ஏறிப் பார்த்திருக்கிறேன்: சாம்பல்.
காய்ந்தால் கிளம்பி வந்து கண்ணாடியில் படியும்,
வைப்பர் போட்டால் இன்னும் மோசம்.
அதன்மேலும் தடம் இருந்தது.
மூன்று விரல், பின்விரல் இல்லை,
எங்கும் நிற்காமல் நேரே தண்ணீருக்கு.

ஏழு இருபது.
ரோட்டோரக் கருங்கல் குவியலில்
சின்னக் கல்லாய்ப் பார்த்துப் புரட்டிப் புரட்டி
அடியில் சோதனை போடுகிற ஒன்று.
வலது காலில் மஞ்சள்.
பாலிதீன் சுற்றியிருக்கிறது, பாவம், என்று நினைத்தேன்.
திரும்பியது. எழுத்து.
மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து!
என் வண்டிக்கும் அதேதான்,
வாடகைக்கு ஓடுகிறவர்களின் நிறம்.

பதினாறு வருஷமாய் எதிரே வருகிற நம்பரைப் படித்த கண்.
முதலாவது, ஏ.
இரண்டாவது எக்ஸ். கால் மாற்றி நின்றது. இல்லை, கே.
மூன்றாவதின் மேல் சேறு.
கொஞ்சம் தண்ணியில் இறங்கேன், அலம்பிக்கோயேன் என்று
ஒரு பறவையிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்,
இருபத்தெட்டு டன்னை முதுகில் வைத்துக்கொண்டு.

இறங்கியது.

பின்னால் ஹாரன். அதற்குப் பின்னால் இன்னொன்று.
முன்னால் ஏழு வண்டி நீளத்துக்கு வெற்று ரோடு.
"நவுந்துடுச்சு, எடுண்ணே!"
பிரேக்கை விடுவித்தேன்.
காற்று சீறிய சத்தத்துக்கு
மொத்தமும் எழும்பின.
தையல்காரி, செக்போஸ்ட், பெயர் வைக்காததெல்லாம் ஒன்றாய்,
ஒரு பக்கம் சாய்ந்தால் இருட்டு
மறுபக்கம் சாய்ந்தால் வெள்ளை,
ஈரத்துணியை உதறினாற்போல்.
நூறா, நானூறா?
அதில் ஒன்றின் காலில்
கழுவிய தகடு.

பாலத்தருகே முக்காலியில் குழாய் பொருத்தி நின்ற பெண்ணை
ஆர்.டி.ஓ. என்று நினைத்து
பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.
குழாய் என் பக்கம் திரும்பவில்லை.
தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்:
மஞ்சள்! வலது கால்! ஏ, கே!
நோட்டோடு கூடவே ஓடிவந்தாள். "மூணாவது?"
"சேறு."
சேறு என்று எழுதினாளா, கோடு போட்டாளா,
கண்ணாடியில் தெரியவில்லை.

கேட்டில்
சீல் நம்பர், பெட்டி நம்பர், வண்டி நம்பர்
ஒவ்வொன்றாய் டிக் அடித்த பையன்
தாளைத் திருப்பிப் பார்த்தான்.
"இது இன்னாது, ஏ, கே, அப்பால காலி?"

அது இன்னும் உள்ள வரல, என்றேன்.

கை மறந்து
அந்தப் பக்கத்திலேயே முத்திரை குத்திக் கொடுத்தான்.